பொற்கிழியும் பழைய சுங்குடிச் சேலையும்

சென்ற ஆண்டு என் அண்ணன் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு படக்கதை நூலைப் பளபளப்பான தாளில் சுற்றி, எல்லாப் பக்கமும் செல்லோடேப் ஒட்டிக் கொடுத்தேன். அவள் ஆவலோடு தாளைக் கிழித்தபோது, டேப்பின் ஒரு முனை நூலின் மேலட்டையைப் பிடித்திருந்ததால் அட்டையின் மேற்பூச்சும் அதனோடு உரிந்து வந்துவிட்டது. குழந்தையின் முகம் வாடிப்போனதை என்னால் மறக்க முடியவில்லை. அன்று மாலை கூடத்தில் குவிந்து கிடந்த வண்ணத்தாள்களை அண்ணி இரண்டு பெரிய பைகளில் அள்ளிக் கட்டி வெளியே வைத்தார். பிளாஸ்டிக் படலம் ஏறிய தாள் மறுசுழற்சிக்கும் உதவாது. கையில் கசக்கிப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்: வெறும் தாள் கசங்கியபடியே கிடக்கும், படலம் ஏறியது மெல்ல விரிந்துகொள்ளும். இனிமேல் பரிசை ஒட்டுவதில்லை, கட்டுவது என்று அன்றிரவே முடிவு செய்தேன்.

கட்டிக் கொடுப்பது நமக்குப் புதியதன்று. நான் வாழும் மதுரையில், ஆவணி மூலத் திருவிழாவின்போது தருமிக்குப் பொற்கிழி அளித்த திருவிளையாடலை ஆண்டுதோறும் மீனாட்சியம்மன் கோயிலில் நடத்துகிறார்கள். கிழி என்றால் துணி. துணியில் முடிந்த பொன்தான் பொற்கிழி. பரிசின் பெயரிலேயே அதைப் பொதிந்த துணியும் சேர்ந்திருக்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. வேண்டுதலுக்காக மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பதும், பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டுவதும் இந்த வழக்கத்தின் உறவுகளே.

முதலில் நான் எடுத்தது அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை. கரை நைந்து போயிருந்தாலும் உடல் நன்றாக இருந்தது. பலமுறை துவைத்துத் துவைத்து, முடிச்சுக்கு நன்றாக வளைந்து கொடுக்கும் மென்மையும் அதற்கு வந்திருந்தது. அகலம் ஏறக்குறைய 115 செ.மீ. அதை நீளவாக்கில் 70 செ.மீ., 45 செ.மீ. என இரண்டு பட்டைகளாகப் பிரித்தால் அகலத்தில் துணி சிறிதும் வீணாவதில்லை. ஐந்தரை மீட்டர் சேலையில் 70 செ.மீ. சதுரங்கள் ஏழும், 45 செ.மீ. சதுரங்கள் பன்னிரண்டும் கிடைத்தன. நைந்த கரை விழுந்த சில துண்டுகளை மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றின் ஓரங்களை மடித்துத் தைத்தேன். துணியின் மூலைக்கு மூலை உள்ள அளவு, பொதியும் பொருளின் நீளத்தைப் போல் மூன்று மடங்கு இருந்தால் போதும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் கணக்கு எளிது: சிறிய சதுரத்தில் ஒரு சாதாரண நூல் அடங்கும், பெரியதில் முப்பது செ.மீ. நீளமுள்ள பெட்டி அடங்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளைத் துணியில் புள்ளி புள்ளியாக நூலால் இறுக முடிந்து, சாயத்தில் தோய்த்து, பிறகு முடிச்சுகளை அவிழ்த்துத்தான் சுங்குடியின் வெண்புள்ளிகளை உருவாக்குகிறார்கள். முடிச்சால் பிறந்த துணியை மறுபடியும் ஒரு முடிச்சுக்குக் கொடுப்பது அதற்குப் பொருத்தமாகவே எனக்குப் படுகிறது.

பொதியும் முறை இதுதான். துணியைச் சாய்சதுரமாக விரித்து, பொருளை நடுவில் வைத்து, அருகிலும் எதிரிலும் உள்ள இரண்டு மூலைகளை அதன்மேல் மடித்துச் செருகிவிட்டு, மீதமுள்ள இரண்டு மூலைகளைக் கட்ட வேண்டும். கட்டும்போது முதலில் வலமுனையை இடமுனையின் மேல் போட்டு ஒரு சுற்று. அடுத்து, இப்போது இடப்பக்கம் வந்துவிட்ட முனையை வலப்பக்க முனையின் மேல் போட்டு இன்னொரு சுற்று. இரண்டு முறையும் ஒரே திசையில் போட்டால் முடிச்சின் காதுகள் குறுக்கே திரும்பி மேலும் கீழுமாக நீட்டிக்கொள்ளும், முடிச்சும் நழுவும். மாற்றிப் போட்டால் காதுகள் இருபுறமும் பாங்காகப் படுக்கும். ஜப்பானியர் இந்தக் கலையை ஃபுரோஷிகி என்ற பெயரில் பல வடிவங்களில் வளர்த்திருக்கிறார்கள். 2006இல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூரிகோ கோய்க்கே, பிளாஸ்டிக் பைகளைக் குறைப்பதற்காகவே, மறுசுழற்சி செய்த பெட் பாட்டில் இழையில் நெய்த துணி ஒன்றை அறிமுகம் செய்து இந்தப் பழக்கத்தை மீண்டும் ஊக்குவித்தார்.

பழைய துணியில் பரிசா என்று தயங்குவோர் உண்டு. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். (பிறந்த குழந்தையைப் பழைய சேலையில்தான் நாம் முதலில் ஏந்துகிறோம் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.) வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் போன்றவற்றுக்கு நான் புதிய ரவிக்கைத் துணியையே பயன்படுத்துகிறேன். தாம்பூலத்தில் எப்படியும் வைக்கப் போகும் துணிதானே? அதை வெட்டாமல், தைக்காமல் பரிசைச் சுற்றிக் கட்டித் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சளோடு வைத்தால், பொதியும் சீரும் ஒன்றாகிவிடும். எனக்குத் தெரிந்தவற்றில் இதைவிட அழகான முறை வேறில்லை.

முடிச்சில் பூ செருக விரும்பினால் மல்லிகையைத் தவிர்ப்பது நல்லது. அதன் ஈரம் துணியில் இறங்கிக் கறை படும், விருந்து முடிவதற்குள் பூவும் வாடிவிடும். வாடாமல்லி பெயருக்கேற்ப நிறம் மாறாமல் நாள் கணக்கில் நிற்கும். ரிப்பனுக்குப் பதிலாக, பூக்கட்டுவோர் பயன்படுத்தும் வாழைநாரைச் சற்று நனைத்து எடுத்துக் கட்டலாம்.

பலகாரத்துக்குத் துணி சரிப்படாது, எண்ணெய் ஊறிவிடும். அதற்கு ஓலைக் கொட்டான் இருக்கிறது. செட்டிநாட்டில் பனையோலைக் குருத்தைச் சாயமேற்றிப் பின்னும் கொட்டான்கள் புவிசார் குறியீடு பெற்றவை. வெளிப்புறத்தில் மணியும் லேஸும் வைத்துத் தைத்து, திருமணங்களில் கொடுப்பதற்காக அவற்றைச் செய்துவந்தார்கள். உள்ளே வாழையிலை விரித்து அதிரசமோ சீடையோ நிரப்பிக் கொடுத்தால், பலகாரம் தீர்ந்த பிறகும் பெட்டி அவர்கள் வீட்டில் வேலை செய்துகொண்டிருக்கும்.

பணமாகக் கொடுப்பதற்குக் கடைகளில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய்க் கவர் எளிதாகக் கிடைக்கிறது. நெருங்கிய உறவுகளுக்கு மட்டும் நான் மீந்த துணியில் சுருக்குப்பை தைத்து, 501 ரூபாயை அதில் போட்டு நூலை இழுத்துக் கொடுக்கிறேன். ஆச்சியின் இடுப்பில் அப்படி ஒன்று எப்போதும் இருந்தது.

இந்த ஆண்டு அண்ணன் மகளுக்கு மறுபடியும் ஒரு நூல், இம்முறை சிவப்புச் சுங்குடியில் கட்டி. அவள் கிழிக்கவில்லை, உட்கார்ந்து, நிதானமாக, முடிச்சு எப்படிப் போட்டிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அவிழ்த்தாள். இரண்டு வாரம் கழித்து அந்தத் துணி என் வீட்டுக்குத் திரும்பி வந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது என்ற வழக்கப்படி அண்ணி அதற்குள் ஒரு டப்பா நார்த்தங்காய் ஊறுகாய் வைத்திருந்தார். முடிச்சைப் போட்டவள் அண்ணன் மகள்தான். காதுகள் இரண்டும் இருபுறமும் பாங்காகப் படுத்திருந்தன.