வெட்கம் எல்லாம் ‘ஷை’ ஆகாது

கூட்டத்தில் ஒருவரைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டுவிட்டீர்கள். முகம் சூடாகிறது, காதுமடல் சிவக்கிறது, கண் எங்கோ அலைபாய்கிறது. தமிழில் ‘ஒரே வெட்கமாப் போச்சு’ என்றால் போதும். அதையே ஆங்கிலத்தில் ‘ஐ ஃபெல்ட் ஷை’ என்று சொன்னால், உங்களுக்கு ஆட்களிடம் பேசவே கூச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள். ‘ஐ ஃபெல்ட் அஷேம்ட்’ என்றாலோ, செய்யக்கூடாததைச் செய்துவிட்டு உள்ளுக்குள் குமைகிறீர்கள் போல என்று தோன்றும். அங்கே பொருந்துவது எம்பாரஸ்ட்.

நம்முடைய ‘வெட்கம்’ அகலமான சொல். புது முகத்தைக் கண்டு வாய் வராததும் வெட்கம், வழுக்கி விழுந்ததும் வெட்கம், பொய் சொல்லி மாட்டிக்கொண்டதும் வெட்கம். ஆங்கிலத்தில் இந்த மூன்றும் முறையே ஷை, எம்பாரஸ்ட், அஷேம்ட்.

எதைப் போடுவது என்று குழம்பினால் இரண்டு கேள்வி கேளுங்கள். இதில் தப்பு இருக்கிறதா? பார்த்தவர்கள் இருக்கிறார்களா? நண்பருக்குச் செய்த துரோகத்தை நினைத்து நடுராத்திரியில் தனியாகப் படுத்திருக்கும்போதும் மனம் கூசும். பார்க்க ஆள் தேவையில்லை, தப்பு ஒன்றே போதும். அது அஷேம்ட். ஆளில்லாத வீட்டில் கால் தடுக்கினால் வலிதான் மிஞ்சும். நாலு பேர் முன்னால் தடுக்கினால்தான் எம்பாரஸ்மெண்ட். அங்கே தப்பே இல்லை, பார்த்த கண்கள்தான் உண்டு. ஷை இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. அது பெரும்பாலும் சுபாவம். நடந்த ஒன்றுக்குச் சொல்வது அல்ல.

எம்பாரஸ் என்ற வினைச்சொல் 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. மூலப்பொருள் தடுப்பது, வழியை அடைப்பது. வெட்கப்படுத்துவது என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. பழைய பொருளின் மிச்சம் இன்னும் இருக்கிறது: ‘ஃபைனான்ஷியலி எம்பாரஸ்ட்’ என்றால் பணமுடையில் இருக்கிறார் என்று அர்த்தம், பணத்தை எண்ணி வெட்கப்படுகிறார் என்று அல்ல. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சங்கடம் என்ற சொல்லுக்கும் வடமொழியில் குறுகலான, நெருக்கமான வழி என்ற பொருள் உண்டு. அங்கேயும் வழி அடைப்பு, இங்கேயும் வழி அடைப்பு! அதனால்தான் எம்பாரஸ்மெண்டுக்கு வெட்கத்தைவிடச் சங்கடம்தான் நெருங்கின உறவு என்பேன். (ஸ்பானிஷ் படிப்பவர்கள் மட்டும் உஷார். ‘எம்பரசாதா’ என்று ஒரு பெண் சொன்னால் அவர் கர்ப்பமாக இருக்கிறார் என்று பொருள்.)

அதிகம் பேர் சறுக்கும் இடம் வால்பகுதி. ‘ஐ ஆம் எம்பாரஸிங்’ என்றால் ‘என்னால் மற்றவர்களுக்குத்தான் சங்கடம்’ என்று ஆகிவிடும். உணர்கிறவர் எம்பாரஸ்ட், உணரவைக்கும் கேள்வி, புகைப்படம், சம்பவம் எம்பாரஸிங். பின்னால் வரும் சொல்லும் முக்கியம். அஷேம்டுக்கு ‘ஆஃப்’, எம்பாரஸ்டுக்கு ‘அபௌட்’ அல்லது ‘பை’. ‘எம்பாரஸ்ட் ஃபார் ஹிம்’ என்றால் அவர் மேடையில் உளறுவதைப் பார்த்து அவருக்காக நாம் நெளிகிறோம் என்று பொருள். எழுதும்போது ஆர் இரண்டு, எஸ் இரண்டு. ஹராஸ் என்ற சொல்லில் ஆர் ஒன்றுதான். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு.

அளவு கூடினால் சொல் மாறும். ஹ்யூமிலியேட்டட் என்றால் ஒருவர் நம்மை நாலு பேர் முன் தாழ்த்திவிட்டார் என்ற வாடை வரும். தமிழில் அவமானப்பட்டது, கூனிக்குறுகியது. சிறு சறுக்கலுக்கு இதைப் போட்டால் யார் மேலோ குற்றம் சாட்டுவது போலாகிவிடும். ஹ்யூமிலிட்டி இதன் உடன்பிறப்பு, ஆனால் அது பணிவு என்ற நல்ல குணம். மார்ட்டிஃபைட் என்பதற்குள் சாவைக் குறிக்கும் லத்தீன் சொல் இருக்கிறது. ‘செத்துடலாம் போல இருந்துச்சு’ என்று நாம் சொல்வதேதான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஷீப்பிஷ். அகராதிகள் ‘ஆடு போன்ற’ என்று எழுதிவைத்தால் ஒன்றும் விளங்காது. பாத்திரத்தைக் காலி செய்துவிட்டுக் கையும் களவுமாக மாட்டிய பையன், தலையைச் சொறிந்துகொண்டு பல்லைக் காட்டுகிறானே, அந்த அசட்டுச் சிரிப்புதான் ஷீப்பிஷ் கிரின். ‘அசடு வழிந்தான்’ என்பதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு கிடையாது. ஆக்வர்ட் பெரும்பாலும் நிலைமைக்கு: பேச்சு அறுந்த மௌனம், பதில் சொல்ல முடியாத கேள்வி, இரண்டு பக்கமும் வேண்டியவர்கள் சண்டையிடும்போது நடுவில் நிற்கும் தர்மசங்கடம். கிரிஞ்ச் பேச்சு வழக்குக்குச் சரி, ‘பார்க்கவே கூசுது’ என்பது போல. அலுவலகக் கடிதத்தில் வேண்டாம். அதே கடிதத்தில் ‘தங்களுக்கு ஏற்பட்ட சங்கடத்துக்கு வருந்துகிறோம்’ என்பதை ஆங்கிலமாக்கும்போது எம்பாரஸ்மெண்ட் என்று போடாதீர்கள். அங்கே வேண்டியது இன்கன்வீனியன்ஸ்.

கடைசியாக ‘வாட் எ ஷேம்’. தேர்வில் ஒரு மார்க்கில் போய்விட்டது என்று நீங்கள் சொல்ல, எதிரில் இருப்பவர் இதைச் சொன்னால் முகம் சுண்ட வேண்டாம். ‘வெட்கக்கேடு’ என்று அவர் சொல்லவில்லை. ‘அடடா, பாவமே’ என்றுதான் சொல்கிறார்.