டோனி அயோமியின் தளர்ந்த கம்பிகள்

1965, பர்மிங்ஹாம். உலோகத் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில், பின்னாளில் பிளாக் சபாத் என்ற ஹெவி மெட்டல் குழுவின் கிதார் கலைஞரான 17 வயது டோனி அயோமிக்கு அன்றுதான் கடைசி நாள். பிரஸ் மெஷினில் நிற்க வேண்டிய ஆள் வராததால் இவரை அதில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. அவர் இடக்கைக்காரர். அதனால் கிதாரின் கழுத்தில், ஃப்ரெட் என்கிற உலோகப் பட்டைகளில் கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான்.

இதை மனவுறுதிக் கதையாகச் சொல்லி அத்தோடு முடித்துவிடுகிறார்கள். ஹெவி மெட்டலுக்கு முக்கியம் அதற்குப் பிறகு அவர் செய்த கைவேலை.

பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டை பிடித்தார். சூடான சோல்டரிங் அயர்னால் அதில் குழி போட்டு, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து விரலில் மாட்டும் தொப்பியாக்கினார். வெறும் பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கும். அதனால் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி மேலே ஒட்டினார்.

பிடி கிடைத்தது, உணர்ச்சி இல்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்று விரல் சொல்லாதபோது கை தேவைக்கு மேல் அழுத்தும், ஸ்வரம் மேலே ஏறிவிடும். காதை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். தடித்த கம்பியை அந்தத் தொப்பியால் தள்ளி வளைப்பதோ இன்னும் கஷ்டம். மெல்லிய கிதார் கம்பி செட் அப்போது அவருக்குக் கிடைக்கவில்லை. மேல் ஸ்வரம் தரும் இரண்டு கம்பிகளுக்கு பாஞ்சோ கம்பி போட்டார். மற்ற இடங்களிலும் வழக்கத்தைவிட மெல்லியதாகவே மாட்டினார்.

கம்பியின் இழுவிசை அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கேஜ் என்பது கம்பியின் விட்டம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். 10 கேஜுக்குப் பதில் 8 கேஜ் போட்டால், அதே ஸ்வரத்துக்கு 64 சதவீத இழுவிசையே போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுமை குறைகிறது. கனமான இசைக்குக் கனமான கம்பி என்று 12 கேஜ் தேடி அலைபவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் 1969 அக்டோபரில், லண்டனில், ஒரே நாளில் பதிவானது. 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. பதிவின்போது அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரின் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பகுதி) பழுதாக, மாற்றாக வைத்திருந்த கிப்சன் எஸ்ஜியை எடுத்தார். அதன் பிறகு எஸ்ஜிதான் அவருடைய கிதார். ஆல்பத்தின் முதல் பாட்டில் வரும் 'பிசாசு இடைவெளி' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஜி, அதன் மேல் ஜி, பிறகு சி ஷார்ப். நம் கணக்கில் ஸ, மேல் ஸ, பிரதி மத்யமம். கல்யாணியிலும் அதே தூரம் இருக்கிறது, யாரும் பயந்து எழுந்து ஓடவில்லை. பயம் வருவது அந்த மெதுவான நடையிலிருந்தும், கடைசி ஸ்வரத்தைப் பஞ்சமத்தில் கொண்டுபோய்ச் சேர்க்காமல் அங்கேயே அதிரவிடுவதிலிருந்தும்.

முதல் ஆல்பத்திலேயே கிதாரை இறக்கிக் கட்டினார்கள் என்று பலர் சொல்வது தவறு. அது தடித்த கம்பி ஈ ஸ்வரத்தில் நிற்கும் வழக்கமான ஈ ட்யூனிங்தான். இறக்கம் வந்தது 1971 ஜூலையில் வெளியான மூன்றாவது ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில். 'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்', 'இன்டு த வாய்ட்' போன்ற பாட்டுகளில் மூன்று அரை ஸ்வரம் (மூன்று செமிடோன்) கீழே, சி ஷார்ப்புக்குப் போனார். கீஸர் பட்லரும் பேஸ் கிதாரை இறக்கிக்கொண்டார். அயோமிக்கு விரல் வலி குறைந்தது, கம்பி எளிதாக வளைந்தது, சத்தமும் கனத்தது.

இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு மாறும். மூன்று அரை ஸ்வரம் இறக்கினால் அதிர்வெண் 0.841 மடங்கு, இழுவிசை 0.707 மடங்கு. ஏறக்குறைய 29 சதவீதம் போய்விடுகிறது. 10 கேஜ் செட்டை அப்படி இறக்கினால் விரலுக்கு 8.4 கேஜ் போட்டது போல இருக்கும். தொய்ந்த கம்பியை ஓங்கி அடித்தால் ஸ்வரம் ஒரு கணம் மேலே துள்ளி, பிறகு கீழே வந்து அமரும். அந்த ரிஃப்களில் (திரும்பத் திரும்ப வரும் கிதார் வரிகளில்) கேட்கிற இழுபறி பெரும்பாலும் இதுதான். பழைய இழுவிசையே வேண்டுமென்று விட்டத்தை 1.19 மடங்காக்கினால் 10-46 செட் (மிக மெல்லிய கம்பி 10, மிகத் தடித்தது 46) கிட்டத்தட்ட 12-54 ஆகும். இறுக்கமாக, சுத்தமாக ஒலிக்கும். ஆனால் துள்ளல் போய்விடும்.

எனவே இந்த ஒலிக்கு 10-46 செட்டை மாற்றாமல் இறக்குங்கள். முதலில் வரும் தொல்லை, முதல் சில ஃப்ரெட்களில் இரைச்சல். இழுவிசை குறைந்ததால் கழுத்து பின்னால் சாய்ந்திருக்கும். கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தி, மறுநாள் வரை விட்டுப் பாருங்கள். ஒரே மூச்சில் முழுச் சுற்று வேண்டாம். அடுத்து 12-வது ஃப்ரெட்டில் ஸ்வரம் கூடுதலாகக் காட்டும். பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலைக் கழுத்திலிருந்து பின்னே தள்ள வேண்டும். ஃப்ளாய்ட் ரோஸ் போன்ற, கம்பிகளின் இழுப்பும் ஸ்பிரிங்குகளின் இழுப்பும் சமன்பட்டு நிற்கும் மிதக்கும் பிரிட்ஜ் என்றால் பின்னாலுள்ள ஸ்பிரிங்குகள் அதைக் கீழே இழுத்துவிடும், கம்பிகள் ஃப்ரெட்டில் படுத்துக்கொள்ளும். ஸ்பிரிங் பிடிக்கும் திருகுகளைத் தளர்த்துங்கள், போதாவிட்டால் ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள்.

பிறகு ஆம்பில் பேஸைக் கூட்டக் கை போகும். கூட்டாதீர்கள். அயோமி லேனி ஆம்புக்கு முன்னால் வைத்தது ரேஞ்ச்மாஸ்டர் என்கிற டிரெபிள் பூஸ்டர், அதாவது மேல் ஸ்வரங்களைத் தூக்கிக் கொடுக்கும் கருவி. உள்ளே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். நுழைவிலேயே சுமார் 5 நானோஃபாரட் கெப்பாசிட்டர், அது கீழ் ஸ்வரங்களை வடிகட்டிவிடும். அவை முழுதாக உள்ளே போனால் டிஸ்டார்ஷனில் கம்பிக்குக் கம்பி பிரியாமல் எல்லாம் சேறாகும். ஆழத்தை பேஸ் கிதார் பார்த்துக்கொள்ளும்.