மூன்று வாரத்துக்கு ஒரு முறை

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் நடத்திய இரத்ததான முகாமொன்றில், தன் விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தம் நீல நிறக் கரைசலில் அமிழாமல் மிதப்பதைப் பார்த்தபடி ஒரு தகப்பன் நின்றார். இரத்தம் கொடுக்கத் தகுதி உண்டா என்று பார்க்கும் அந்தக் கரைசல் செப்பு சல்பேற்று. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் குறைந்தது 12.5 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால் துளி அடிக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தயங்கி நிற்கும், அல்லது மேலெழும். வயல் வேலையைத் தமையனிடம் ஒப்படைத்துவிட்டு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து விடியற்காலையிலேயே மண்முனைப் பாலம் கடந்து வந்தவர் அவர். "என்ட புள்ளைக்கு நான் குடுக்காம வேற ஆர் குடுக்கிற?" என்று அவர் தாதியிடம் கேட்டபோது, பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டிருந்த எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை.

அவருடைய மகளுக்குத் தலசீமியா; உடலால் போதிய ஹீமோகுளோபினை உருவாக்க முடியாத பரம்பரை நோய். தாய், தகப்பன் இருவரிடமும் இந்த நோய்க்கான பரம்பரையலகு இருந்தால்தான் கடுமையான தலசீமியாவோடு பிள்ளை பிறக்கும். அப்படியான பெற்றோரின் ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மச்சான், மச்சாளைக் கட்டும் வழக்கம் உள்ள எங்கள் பகுதியில் திருமணத்துக்கு முன்னரே ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது ஏன் நல்லது என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. அந்தப் பரம்பரையலகைச் சுமப்பவர்கள் நோயாளிகள் அல்லர். ஆனால் அவர்களுடைய ஹீமோகுளோபின் பெரும்பாலும் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆகவே பிள்ளைக்காக முதலில் ஓடி வருகிற பெற்றோரே பல வேளைகளில் அந்த நீலக் கரைசலைத் தாண்ட முடியாமல் திரும்புகிறார்கள்.

துளி அமிழ்ந்திருந்தாலும் அந்த இரத்தம் அவருடைய மகளுக்கு ஏற்றப்பட்டிராது என்று முகாமுக்கு வந்திருந்த வைத்தியர் பிறகு விளக்கினார். நெருங்கிய உறவினரின் வெண்குழியங்களைப் பிள்ளையின் உடல் அந்நியமென்று இனங்காணாமல் விட்டுவிடக்கூடும் என்றும், அப்படித் தங்கிவிடுகிற குழியங்கள் அந்த உடலையே தாக்கும் ஆபத்து உண்டு என்றும், பின்னொரு நாளில் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்கு வழி பிறந்தால் அதற்கும் இந்த இரத்தம் இடையூறாகலாம் என்றும் அவர் சொன்னார். தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். அந்தத் தகப்பனின் தசை ஆடிக்கொண்டுதான் இருந்தது. பிள்ளைக்கு வேண்டியதோ முன்பின் தெரியாத ஒருவரின் இரத்தம். பல முகாம்களுக்கு மேசை, கதிரை தூக்கியிருந்தும் அன்றுவரை இது எனக்குத் தெரியாது.

இனிக் கணக்குக்கு வருகிறேன். கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுவதும், செங்குழியங்கள் ஏற்ற வேண்டும். வருடத்துக்குப் பதின்மூன்று முதல் பதினேழு தடவை. நம் நாட்டில் ஒருவர் இரத்தம் கொடுத்தால் அடுத்த முறை கொடுக்க நான்கு மாதம் பொறுக்க வேண்டும். அதாவது வருடத்துக்கு மூன்று தடவைக்கு மேல் இல்லை. ஒரு தடவைக்கு ஒரு பை போதுமான சின்னப் பிள்ளைக்கே ஐந்தாறு பேர் ஒருவர் மாறி ஒருவராகத் தவறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். பிள்ளை வளர்ந்து இரண்டு பை தேவைப்படும்போது அந்தத் தொகையும் இரட்டிக்கும். ஏற்றுகிற ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராம் அளவு இரும்பு உடலுக்குள் போய்த் தங்குவதால், அதை வெளியேற்றுவதற்கென்று இரவிரவாகத் தோலுக்கடியில் ஊசி மருந்து செலுத்தும் சிறு பம்பியோடு படுக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தப் பம்பியைப் பூட்டிக் கழற்றுவது பெரும்பாலும் தாய்மாரின் வேலை.

குளிரூட்டியில் வைத்தாலும் செங்குழியங்கள் 35 முதல் 42 நாட்கள்தான் பயன்படும். தலசீமியாப் பிள்ளைகளுக்கோ இரண்டு வாரத்துக்கு உட்பட்டதையே வைத்தியர்கள் விரும்புவார்கள். இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு வேண்டிய, இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளின் ஆயுள் ஐந்தே நாள். இதனால்தான், நல்ல நோக்கத்தோடு நடத்துகிற முகாம்களைப் பற்றியே எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது.

ஏ, பி, ஓ குருதி வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்ரைனரின் பிறந்த நாளான ஜூன் 14 உலக குருதிக் கொடையாளர் தினம். அதை ஒட்டிய ஒரு கிழமைக்குள் கழகமும் பழைய மாணவர் சங்கமும் போட்டி போட்டு முகாம் வைத்தால், கொடுக்கக்கூடியவர்கள் எல்லோரும் ஒரே மூச்சில் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களுடைய நான்கு மாதம் முடிவது ஒக்டோபர் நடுப்பகுதியில்; அப்போது பெரும்போக விதைப்பும் மழையும் தொடங்கியிருக்கும், மண்டபத்துக்கு ஆள் வராது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின்போது நாடெங்கும் இரத்தம் கொடுக்க மக்கள் திரண்டதை நாம் மறக்கவில்லை. அந்தத் திரட்சி அன்றைக்கு வேண்டியதுதான். ஆனால் தலசீமியாப் பிள்ளையின் தேவை செய்தியாவதில்லை. அது கலண்டரில் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே இப்போது நாங்களும் கலண்டரோடுதான் உட்காருகிறோம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வந்தால் எங்கள் ஊர்களில் முகாமுக்கு ஆள் பிடிப்பது கடினம். ரமழானில் காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் நோன்பு. பகலில் கொடுக்கச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் ஒரே மாதத்தில் வராத வருடங்களில் எங்கள் சடங்குக்கு அவர்களும், அவர்களுடைய நோன்புக்கு நாங்களுமாக முகாமைப் பொறுப்பெடுத்தால் இரத்த வங்கியின் குளிரூட்டி வெறுமையாகாது. அறுவடைக் காலத்தில் கரையோரத்தவர்கள், கடல் தொழில் மும்முரமான காலத்தில் வயல் பக்கத்தவர்கள் என்று இதை இன்னும் விரிக்கலாம். அரைவாசியாவது இந்த வருடம் சரிவந்தால் போதும் என்றிருக்கிறேன்.

விழா எடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டோம். ஒரு முறை பிரதம விருந்தினருக்காக ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்ததில், காலைச் சாப்பாட்டோடு நேரத்துக்கு வந்திருந்த பதினொரு பேர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். விருந்தினருக்கான பூமாலை மட்டும் மிஞ்சியது.

அந்தத் தகப்பன் இப்போது எங்கள் பட்டியலை வைத்திருக்கிறார். யார் எந்தத் திகதியில் கொடுத்தார், நான்கு மாதம் எப்போது முடிகிறது என்று ஒரு மொனிட்டர் கொப்பியில் எழுதி, முடிகிற வாரத்தில் தானே தொலைபேசியில் அழைப்பார். அவருடைய அழைப்பைத் தட்டிக் கழித்தவர்கள் மிகக் குறைவு. ஆவணி மாதத்துக்கு மட்டும் இன்னும் மண்டபம் கிடைக்கவில்லை. கோயில் அன்னதான மடத்தைக் கேட்டிருக்கிறோம்.