சம்மிட் சுரங்கம், 1:87 அளவில்: நடுக்கிணறு முடிந்தது

அமெரிக்காவின் முதல் கண்டம் கடந்த ரயில் பாதை என்றாலே, மாடல் செய்கிறவர்கள் 1869 மே 10-ஐத்தான் பிடித்துக்கொள்வார்கள். இரு பக்கமிருந்தும் போட்டுவந்த தண்டவாளங்கள் யூட்டாவின் ப்ரொமொன்டரியில் இணைந்தபோது, ஜூபிடர் என்ற என்ஜினும் 119-ஆம் எண் என்ஜினும் எதிரெதிரே நிற்கும் காட்சி. அது போட்டோவுக்கு நின்ற நாள். எனக்கு வேலை நடந்த இடம்தான் வேண்டும். அதனால் கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா உச்சியில் சென்ட்ரல் பசிபிக் கம்பெனி குடைந்த 6-ஆம் எண் சுரங்கத்தை, அதாவது சம்மிட் சுரங்கத்தை, நெடுக வெட்டி உள்ளே தெரிகிற மாதிரி செய்துகொண்டிருக்கிறேன்.

நிஜ நீளம் 1,659 அடி. அப்படியே 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால்கூட 19 அடி வரும். என் மேசை 4 அடிதான். எனவே நீளத்தை வெட்டிவிட்டு, அகலம், உயரம், நடுக்கிணற்றின் ஆழம் மூன்றையும் அளவு மாறாமல் வைத்தேன். சுமார் 73 அடிக் கிணறு 10 அங்குலமாக வந்திருக்கிறது.

இந்தக் கிணறுதான் விஷயமே. மலை முழுக்கக் கிரானைட். கருமருந்து வைத்து உடைத்தால் ஒரு முகப்பில் (குடைந்துகொண்டு போகும் பாறை முகத்தில்) நாளைக்கு ஒரு அடி சொச்சம்தான் நகரும். இரண்டு பக்கமிருந்து மட்டும் குடைந்தால் எப்போது முடிப்பது? அதனால் உச்சியிலிருந்து நடுவில் கிணறு இறக்கி, அடியிலிருந்து கிழக்கும் மேற்குமாகக் குடைந்தார்கள். மொத்தம் நான்கு முகப்புகள். கல்லை மேலே இழுக்க ஒரு பழைய ரயில் என்ஜினைக் கழற்றி மலைமேல் ஏற்றி வைத்தார்கள். அதற்கான கொட்டகை தீக்குச்சிகளால் தயார். உள்ளே பாய்லர் இன்னும் இல்லை.

பாறைக்கு, தெர்மகோலை முரட்டுத்தனமாகக் கிள்ளி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசினேன். பாதி இறுகியதும் பேனாக்கத்தி முனையால் குத்தி எடுத்தால் சில்லு சில்லாகப் பெயர்கிறது. வெடித்த கல்லின் முகம் அப்படியே கிடைக்கிறது. முதலில் வெளிர் சாம்பல், அப்புறம் நீர்த்த கறுப்பு. வெடிமருந்து வைக்கும் துளைகளின் அடியில் மட்டும் கொஞ்சம் புகைக்கரி. 1867-இல் அங்கேயே, கருமருந்தைவிட வலுவான நைட்ரோகிளிசரின் என்ற வெடிதிரவத்தைக் காய்ச்சிப் பயன்படுத்தினார்கள். முந்தைய ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் அது வெடித்துப் பலர் இறந்திருந்ததால், வெளியிலிருந்து கொண்டுவர வழியில்லை. வேகம் கூடியது என்னவோ உண்மை. கூடியும் நாளைக்கு இரண்டு அடியைத் தொடவில்லை.

நான்கு முகப்புகளும் சந்தித்தபோது விலகல் 2 அங்குலத்துக்குள் இருந்ததாம். லூயிஸ் கிளெமென்ட் என்ற பொறியாளரின் கணக்கு அது. என் அளவில் அரை மில்லிமீட்டர் சொச்சம். நான் பென்சிலால் போட்ட நடுக்கோடே அதைவிடத் தடிமன்!

இப்போது பாக்கி ஆட்கள்தான். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். ஒருவர் துளைக் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு அடி விழுந்ததும் கொஞ்சம் சுழற்றிக் கொடுக்க, இரண்டு பேர் சம்மட்டியால் மாறி மாறி அடிப்பார்கள். இராப்பகலாக மூன்று ஷிப்ட். கடையில் கிடைக்கும் பொம்மைகள் எல்லாம் மண்வெட்டியோடு நிற்கின்றன. கையை வெட்டி, தோளில் பித்தளைக் கம்பி நுழைத்து, சம்மட்டி தலைக்குமேல் ஓங்கியபடி ஒட்ட வேண்டும். ஒரு ஜோடி செய்துவிட்டேன். ஓங்கிய கை நன்றாக வந்திருக்கிறது. கம்பி பிடிக்கிறவரை உட்காரவைக்க முழங்காலை எங்கே அறுப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.