பி பக்கக் கடைசிப் பாட்டு ஒருவழியாகச் சுத்தமாக வந்துவிட்டது

வினைல் இசைத்தட்டின் இரண்டாவது டெஸ்ட் பிரஸ்ஸிங் (மொத்தமாக அடிக்கும் முன் வரும் சோதனைப் பிரதி) வந்ததும் ஊசியை நேராக பி பக்கத்தின் கடைசிப் பாட்டில்தான் இறக்கினேன். சரணத்தில் ‘ச’, ‘ஸ’ வரும் இடமெல்லாம் தெளிவாக இருக்கிறது. முதல் பிரஸ்ஸிங்கில் அதே எழுத்துகள் காகிதத்தைக் கிழிப்பது போலக் கேட்டன. டிஜிட்டல் மாஸ்டரில் துளி குறையும் இல்லாத பாட்டு அது.

இந்தத் தட்டு ஆரம்பம் முதல் முடிவு வரை நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான். ஆனால் 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 50 செ.மீ. தடம் ஓடுகிறது, நடுவிலுள்ள லேபிளை நெருங்கும்போது 20 செ.மீ. சொச்சம்தான். அதே ஒரு விநாடிச் சத்தம் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கப்படுகிறது. போதாக்குறைக்கு, ஆர்ஐஏஏ வளைவின்படி (தட்டு வெட்டும்போது எந்த அலைவரிசையைக் கூட்டுவது, குறைப்பது என்ற பொது அளவு) வெட்டும்போதே மேல் அலைவரிசைகள் தூக்கப்படுகின்றன, 10 கிலோ ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 14 டெசிபல். உள் தடத்தில் வரும் ஒரு ‘ஸ’ இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது.

முழு மிக்ஸின் மேல் டி-எஸ்ஸர் (‘ச’, ‘ஸ’ சீறலைத் தணிக்கும் கருவி) போட்டால் டிரம்ஸின் சிம்பலும் சேர்ந்து மங்கிவிடும். அதனால் மிக்ஸைத் திரும்பத் திறந்து குரல் தடத்தில் மட்டும் வேலை செய்தேன். அதிலும் டி-எஸ்ஸரை லேசாக வைத்துவிட்டு, ஒவ்வொரு ‘ச’வையும் தனியாக வெட்டி எடுத்துக் கையாலேயே அளவைக் குறைத்தேன். அலுப்பான வேலைதான், ஆனால் இதற்கு ஈடாக எந்த பிளக்இன்னும் கிடையாது என்று அடித்துச் சொல்வேன். குரல் உயிரோடு இருக்கிறது, உறுத்தல் மட்டும் போய்விட்டது. அதோடு ஒரு இடைப்பகுதியைச் சுருக்கி, பக்கத்தை 18 நிமிடத்துக்குள் கொண்டுவந்தேன். கட்டிங் இன்ஜினியரால் லேபிளுக்குக் கொஞ்சம் தள்ளியே தடத்தை முடிக்க முடிந்தது.

கேட்டுப் பார்க்கும்போது சாதாரண கூம்பு ஊசியிலும் போட்டுப் பாருங்கள். விலையுயர்ந்த நுண்முனை ஊசியில் மட்டும் நன்றாகக் கேட்டால் போதாது, வாங்குகிறவர்களில் பலரிடம் அது இருக்காது. சொடக்குச் சத்தம் வந்தால், மற்ற பிரதிகளிலும் அதே இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றிலும் வந்தால் கோளாறு ஸ்டாம்பரிலோ (தட்டுகளை அழுத்தி எடுக்கும் உலோக அச்சு) அதற்கு முந்தைய கட்டத்திலோ இருக்கிறது. ஒன்றில் மட்டும் என்றால் அந்தத் தட்டோடு சரி.

மறுபடி வெட்டியதில் பி பக்கத்துக்குப் புது லாக்கர் (தடத்தை முதலில் வெட்டும் மூலத் தட்டு), புது நிக்கல் பூச்சு, டெஸ்ட் பிரஸ்ஸிங் எல்லாவற்றுக்கும் இன்னொரு முறை பணம் போனது. இந்தச் செலவெல்லாம் 100 தட்டு போட்டாலும் 300 போட்டாலும் ஒன்றேதான். அதனால்தான் சிறிய எண்ணிக்கையில் ஒரு தட்டின் அடக்க விலை எகிறுகிறது. அதற்காக விற்க முடியாத 300-ஐ அடித்து அடுக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மதர் (ஸ்டாம்பர்களை எடுக்க உதவும் உலோகப் பிரதி) எடுத்து வைக்க மட்டும் கூடுதலாகக் கொடுத்தேன். ஒரு ஸ்டாம்பர் சுமார் ஆயிரம் தட்டு வரைதான் தாங்கும். பின்னால் மறுபதிப்பு போட வேண்டுமென்றால் மதரிலிருந்து புது ஸ்டாம்பர் எடுத்துக்கொள்ளலாம், முதலிலிருந்து வெட்ட வேண்டியதில்லை.

180 கிராம் தட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எடை கூடுவதால் சத்தம் மேம்படாது, தபால் செலவுதான் கூடும். அந்தக் காசைப் பாலித்தீன் பூசிய உள்ளுறைக்குக் கொடுத்தேன். வெறும் காகித உறையில் எடுத்து வைக்கும்போதெல்லாம் தட்டில் கீறல் விழுகிறது.

லாக்கர் கிடைப்பதே முன்போல் இல்லை. 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்த பிறகு, உலகமே பெரும்பாலும் ஜப்பானின் எம்டிசி நிறுவனத்தை நம்பித்தான் இருந்தது. அடுத்ததை நேரடியாகச் செம்புத் தகட்டில் வெட்டும் டிஎம்எம் முறையில் செய்து பார்க்க ஆசை. நான்கே பாட்டு, 12 அங்குலம், 45 சுற்று. வேகம் 35 சதவீதம் கூடுவதால் உள் தடத்துக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். பாட்டு வரிசைகூட யோசித்துவிட்டேன். இந்தத் தட்டின் ஜாக்கெட்டில் முதுகுப் பட்டை எழுத்துதான் இன்னும் நடுவில் வந்து உட்கார மாட்டேன் என்கிறது.