ஆபரேட்டர் ரூம் ஜன்னலில் தெரிந்த பொன்னாத்தா

வாலாஜாவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தியேட்டரில் 1983ல் வேலைக்குச் சேர்ந்தேன். பத்தாவது முடித்திருந்தேன். முதல் இரண்டு வருஷம் ரீல் சுற்றுவது, அறுந்த இடத்தை ஒட்டுவது, கார்பன் குச்சி எடுத்துக் கொடுப்பது, இவ்வளவுதான். மெஷினைத் தொட ஆபரேட்டர் அண்ணன் விடமாட்டார்.

வெளியே இருப்பவர்களுக்கு ஆபரேட்டர் ரூம் என்றால் குளுகுளுவென்று ஏதோ இருக்கும் என்று நினைப்பு. மே மாதத்தில் எங்கள் பக்கம் வெயில் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் இரண்டு மெஷின், இரண்டிலும் வெளிச்சத்துக்காகக் கார்பன் குச்சி எரியும். இரண்டு குச்சிக்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம் கூடிப்போனால் வெளிச்சம் மங்கும், கீழே விசில் பறக்கும். அதனால் கண் எப்போதும் நெருப்பின்மேல் இருக்க வேண்டும். மீதி நேரம் ஒரு சின்ன சதுர ஜன்னல். அதன் வழியாகத்தான் நான் இருபது வருஷம் சினிமா பார்த்தேன், நடிகை வடிவுக்கரசியையும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். மெஷின் ஓடும் சத்தத்தில் வசனம் சரியாகக் காதில் விழாது. உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு. அது ஒலி வருகிறதா என்று பார்க்க மட்டும்தான் உதவும். ஆகவே எங்களுக்கு நடிப்பு என்றால் முகம்தான். நூறு தரம் ஓட்டிய படத்தில்கூட யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் தடுமாறுவேன். யார் எந்த இடத்தில் கண்ணைத் தாழ்த்தினார்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

வடிவுக்கரசியையும் நான் அப்படித்தான் கவனித்தேன். அவர் ராணிப்பேட்டையில் பிறந்தவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் தியேட்டரில் யாருக்குமே தெரியாது. பாலத்தைத் தாண்டினால் ஆற்காடு, இந்தப் பக்கம் ராணிப்பேட்டை, நடுவில் பாலாறு. சைக்கிளில் போகிற தூரத்துக்காரர் திரையில் நிற்கிறார், நாங்கள் யாரோ மதுரைப் பக்கத்துப் பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தெரிந்திருந்தால் வாசலில் ஒரு தட்டியாவது வைத்திருப்போம். இன்றும் அது எனக்கு ஒரு குறையாகத்தான் இருக்கிறது.

முதலில் எனக்கு அறிமுகமானது 'கன்னிப் பருவத்திலே'. 1979ல் வந்த படம். அதற்கு முந்தைய வருஷம் 'சிகப்பு ரோஜாக்க'ளில் சின்ன வேடத்தில் தலைகாட்டியவரை இதில்தான் கதாநாயகியாக்கினார்கள். ராஜேஷ் கணவன், பாக்யராஜ் கெட்ட எண்ணத்தோடு வீட்டுக்கு வந்துபோகும் நண்பன். எங்களுக்கு அந்தப் படம் 1984ல், மறு ஓட்டமாக வந்தது. ஊர் ஊராகச் சுற்றிய பிரதி. வடஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு மூன்றையும் சேர்த்து விநியோகஸ்தர்கள் என்.எஸ்.சி. ஏரியா என்பார்கள். வடஆற்காடு 1989ல் இரண்டாகப் பிரிந்தது, 2019ல் ராணிப்பேட்டை தனி மாவட்டமே ஆனது, சினிமாக் கணக்கில் மட்டும் அந்தப் பழைய பெயர் நிற்கிறது. அந்த ஏரியாவின் எல்லாக் கொட்டகையிலும் ஓடித் தேய்ந்துதான் பெட்டி எங்களிடம் வந்தது. நிறம் மங்கிச் சிவப்புத் தட்டிப்போயிருந்தது. ஃபிலிம் ஓரத்து ஓட்டைகள் கிழிந்திருந்தன.

ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 கட்டம், ஒரு நொடிக்கு 24 கட்டம் ஓடும். அறுந்துபோனால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டத்தை வெட்டிவிட்டுத்தான் ஒட்ட முடியும். ஒரு தரம் ஒட்டுவதால் ஒன்றும் தெரியாது. ஆனால் எங்களுக்கு முன்னால் எத்தனை ஊரில் எத்தனை பேர் வெட்டினார்களோ, ஒரு இடத்தில் அவர் தலையைத் தூக்கிக் கணவனைப் பார்ப்பது இரண்டு துண்டாகவே இருந்தது. தலை குனிந்திருக்கும், சடக்கென்று நிமிர்ந்திருக்கும். நடுவில் இருந்த பார்வையைக் காணோம். மூன்றாம் நாள் அதே இடத்தில் மறுபடி அறுந்தது. வெட்டிய துண்டைக் கீழே போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ராத்திரி இரண்டாம் ஆட்டம் முடிந்து வெளியே வந்து, டியூப் லைட்டில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தளவு முகம். அழவும் இல்லை, கோபமும் இல்லை. புருஷன் மனசு நோகக் கூடாதே என்று அடக்கிவைத்திருக்கும் ஒரு முகம். திரையில் முப்பதடி அகலத்தில் பார்த்தபோது எனக்குப் பிடிபடாதது அந்தத் துண்டில் பிடிபட்டது. ஓட்டுகிற வேலையை மரியாதையாகப் பார்க்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். அதற்குப் பிறகு அவசரத்தில்கூட ஒரு கட்டம் அதிகமாக வெட்டியதில்லை.

அப்புறம் 'முதல் மரியாதை'. 1985 ஆகஸ்ட்டில் வெளியாகி, வேலூரில் ஓடி முடித்துத்தான் எங்களுக்கு வந்தது. இருபத்தெட்டு நாள் ஓட்டினோம். சிவாஜி அப்போது ஐம்பதுகளின் நடுவில் இருந்தார். அவருக்கு மனைவி பொன்னாத்தாவாக நடித்த வடிவுக்கரசிக்கு முப்பதுகூட ஆகவில்லை. அந்த வயதில் கதாநாயகி வேஷத்தை விட்டுவிட்டு, எண்ணெய் வழியும் முகமும் வெடுக்கென்ற பேச்சுமாக வந்து நிற்க எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள்? ராதாவின் குயிலுக்குத்தான் கைதட்டல் என்பது கதையைக் கேட்கும்போதே தெரிந்திருக்கும். தெரிந்தும் செய்திருக்கிறார்.

பெண்கள் கவுன்டரில் டிக்கெட் கொடுத்த அக்கா ஒருவர் இருந்தார். கணவர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவர், சீக்கிரமே போய்விட்டார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தக் கவுன்டர் சம்பளத்தில் காலம் தள்ளியவர். கவுன்டரை மூடிய பிறகு, பெண்கள் பக்கம் கதவோரம் நின்று பத்து நிமிஷம் படம் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். முதல் வாரம் பூராவும் பொன்னாத்தாவைத் திட்டித் தீர்த்தார்.

"இன்னா வாயிடா தம்பி அவளுக்கு! அந்த மனுசன் எப்பிடித்தான் சோறு துன்றாரோ."

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் மேலே படியேறி வந்தார். மூச்சு வாங்க நின்றுகொண்டு, "அவ மேல தப்பு கீதாடா? வயித்துல ஒருத்தன் புள்ளைய வச்சிகினு இன்னொருத்தனுக்குக் கழுத்த நீட்டினவ. அவரு நல்லவரா இருக்க இருக்க இவளுக்குத்தான எரியும்?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்தொன்பது வயது எனக்கு. ஆனால் அன்றைக்கு இரண்டாம் ஆட்டத்தில் அதை மனசில் வைத்துக்கொண்டு ஜன்னலில் பார்த்தேன். அக்கா சொன்னது அந்த முகத்தில் இருந்தது. மலைச்சாமி எதிர்த்துப் பேசாமல் எழுந்துபோகும் ஒவ்வொரு தடவையும், பொன்னாத்தா ஜெயித்த மாதிரி நிற்க மாட்டார். கதையில் அந்த உண்மை வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வரும். முகத்தில் முதல் ரீலிலேயே இருக்கிறது. தொண்ணூறு ஆட்டத்துக்குக் கிட்டே ஓட்டினேன், ஒரு ஆட்டத்தில்கூட அது பொய்யாகத் தெரியவில்லை. கெட்டவளாக நடிப்பது பெரிய விஷயமில்லை. இப்படி ஆகிப்போன ஒருத்தியாக நடிப்பதுதான் கஷ்டம் என்பது என் எண்ணம்.

1997ல் 'அருணாச்சலம்' வந்தபோது நான்தான் ஆபரேட்டர். அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். ரஜினி படம் என்பதால் கையைக் கடிக்கும் விலைக்கு எடுத்திருந்தார்கள். அதில் வடிவுக்கரசி கூன் விழுந்த பாட்டி வேதவல்லி. ரஜினியைவிட வயதில் சின்னவர். அநாதை என்று சொல்லி அருணாச்சலத்தை அந்தக் கிழவி அவமானப்படுத்தும் காட்சியில் தரை டிக்கெட்டிலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து திரையின் கீழ் ஓரத்தில் விழுந்தது. முதலாளி ஓடிவந்து திரை கிழிந்துவிட்டதா என்று பார்த்தார். கிழியவில்லை. எனக்கு அந்தச் செருப்பு மறக்கவே இல்லை. கைதட்டலைச் சம்பாதிக்கிறவர்கள் பலர். சக மனிதர்களின் கோபத்தை இந்த அளவுக்குச் சம்பாதிக்க, முதுகை வளைத்து, குரலைக் கிழித்து, அழகைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பெண் உழைத்திருக்கிறார்.

2003ல் தியேட்டரை மூடினார்கள். கல்யாண மண்டபமாகிவிட்டது. கையில் ஆபரேட்டர் லைசென்ஸ் இருந்தது, அதை வைத்து வேறு வேலை கிடைக்கவில்லை. தெரிந்தவர் ஒருவரின் கேபிளில் லைன்மேனாகச் சேர்ந்தேன். நாற்பதை நெருங்கும் வயதில் கம்பம் ஏறக் கற்றுக்கொண்டேன். முதல் மாதம் உள்ளங்கை பூராவும் காய்த்துவிட்டது.

2007ல் 'சிவாஜி' படத்துக்கு மனைவியும் மகளும் கேட்டார்கள் என்று வேலூருக்குக் கூட்டிப் போனேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் டிக்கெட் வாங்கி, சீட்டில் உட்கார்ந்து பார்த்த முதல் படம் அது. பத்து வருஷத்துக்கு முன் ரஜினியை விரட்டிய பாட்டி, இதில் அவருக்கே அம்மா. பக்கத்தில் மணிவண்ணன். சுற்றி எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கு வடிவுக்கரசியின் குரல் முழுசாகக் காதில் விழுந்ததே அன்றைக்குத்தான். கொஞ்சம் கரகரப்பு, வார்த்தையின் முனையில் ஒரு அழுத்தம். இந்தக் குரல் இல்லாமலா இத்தனை வருஷம் பார்த்தோம் என்று இருந்தது.

கேபிள் வேலையில் எல்லாம் தலைகீழ். இங்கே படம் கிடையாது, சத்தம்தான். ராத்திரி சீரியல் நேரத்தில் தெருவில் நடந்தால் ஒரே குரல் வீடு வீடாகத் தொடர்ந்து வரும். ஒரு வீட்டில் பாதி வசனம், அடுத்த வீட்டில் மீதி. அரசு கேபிள் 2011ல் 70 ரூபாய்க்கு வந்தது, பிறகு செட்டாப் பாக்ஸ் வந்தது, சீரியல்கள் மாறிக்கொண்டே இருந்தன. 2018ல் 'ரோஜா' ஆரம்பித்தபோது, கம்பத்தின்மேல் உட்கார்ந்திருந்த எனக்குக் கீழே எந்த வீட்டிலிருந்தோ அந்தக் கரகரப்பு கேட்டது. பாட்டி அன்னபூரணி. யார் என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. என் தொழிலே ஒருமுறை செத்துப் பிழைத்துவிட்டது. அவர் நாற்பது வருஷத்துக்கு மேலாக அதே வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார், வருகிற வேஷத்தைத் தட்டாமல்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. நான் பார்த்து அவ்வளவு தண்ணீர் வந்ததில்லை. லைன் பல இடத்தில் அறுந்து கிடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கவுன்டர் அக்கா போன் செய்தார். எழுபதைத் தாண்டிவிட்டார், தனியாக இருக்கிறார், மகன் பெங்களூரில்.

"தம்பி, மூணு நாளா பொட்டி தொறக்கல. நீ எப்ப வர்ற?"

பதினோரு வீடு முடித்துவிட்டுப் போனேன். அவர் வீட்டு இணைப்பில் தண்ணீர் இறங்கியிருந்தது. நுனியை வெட்டி, புதுசாக முனை போட்டு முறுக்கினேன். அக்கா கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தார். பெட்டி கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது. படம் வருவதற்கு முன்னால் குரல் வந்தது.

"வந்துட்டா," என்றார் அக்கா. "உக்காருடா, டீ போடறன்."