இரண்டு ஓட்டு

நவம்பர் 1

1990 நவம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் பதவி இழக்காமல் இருந்திருந்தால் என்று ஒரு மாற்று வரலாற்றுக் கதை எழுதப்போகிறேன். அந்த வருஷம் இதே நாள் துணைப் பிரதமர் ஜெஃப்ரி ஹவ் ராஜினாமா. தாட்சரின் 1979 மந்திரிசபையில் அவரைத் தவிர மிச்சமிருந்த ஒரே ஆள். அடுத்த நான்கு வாரம் தேதி தேதியாகப் போக வேண்டும், ஒன்றைக்கூடத் தாண்டக் கூடாது.

நவம்பர் 3

கணக்கை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன், பிறகு தடுமாற வேண்டாம். 20.11.1990, கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் தேர்தல், முதல் சுற்று. தாட்சரை எதிர்த்து நின்றவர் முன்னாள் மந்திரி ஹெசல்டைன். தாட்சர் 204, ஹெசல்டைன் 152, இருவருக்கும் இல்லாதவை 16. மொத்தம் 372 எம்.பி.க்கள். பாதிக்கு மேல் என்றால் 187, அதை அநாயாசமாகத் தாண்டிவிட்டார். இடித்தது இரண்டாவது நிபந்தனை: அடுத்தவரைவிட, ஓட்டுரிமை உள்ளவர்களில் 15 சதவீதம் கூடுதலாக வாங்க வேண்டும். 372இல் அது 55.8. ஆள் கணக்கில் 56. கிடைத்த வித்தியாசம் 52.

நாலு ஓட்டில் போனார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்தப் பக்கம் போட்ட ஒருவர் இந்தப் பக்கம் வந்தால் வித்தியாசம் இரண்டு கூடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். 206–150. இரண்டே பேர். ஒதுங்கி நின்ற 16இலிருந்து எடுத்தால்தான் நாலு பேர் வேண்டும், 208–152.

நவம்பர் 4

விதியையே பழையபடி விட்டால்? 1965 விதியில் 15 சதவீதம் என்பது பதிவான ஓட்டுகளில். 356இல் 53.4. அப்படியும் 52 போதாது, ஆனால் ஒரே ஆள் மாறினால் முடிந்தது. விதியை இறுக்கியது 1975இல், டக்ளஸ்-ஹோம் குழு. பதவியில் இருக்கும் தலைவரை வருஷா வருஷம் எதிர்த்து நிற்கலாம் என்று கதவைத் திறந்ததும் அதே குழுதான். அந்தக் கதவு வழியாகத்தான் தாட்சர் அப்போதைய தலைவர் ஹீத்தை எதிர்த்து உள்ளே வந்தார். ஆகவே இதில் கை வைக்க முடியாது. வைத்தால் 1975ஏ இல்லை.

நவம்பர் 6

2.95. பவுண்டின் விலை, பிறகு வருகிறேன்.

நவம்பர் 7

கிளை பிரியும் இடத்தை எங்கே வைப்பது? மாற்று வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான்: ரொம்பப் பின்னால் போய்விடுகிறார்கள். ஃபாக்லாந்து போரில் தோற்றிருந்தால், பிரைட்டன் ஓட்டல் குண்டில் இறந்திருந்தால் என்று ஆரம்பித்தால் 1990இல் ஹெசல்டைன் எங்கே இருப்பார் என்றே சொல்ல முடியாது. விளைவுக்கும் காரணத்துக்கும் இடையே எத்தனை நாளோ அத்தனை பொத்தல்.

ஏரி நீவ் உயிரோடு இருந்தால் என்ற ஆசை எனக்கும் உண்டு. 1975இல் தாட்சருக்கு ஓட்டுச் சேர்த்தவர் அவர். கையில் இருந்ததைவிடக் குறைவாகவே வெளியே சொன்னார். ‘அம்மா ஜெயிக்கப் போவதில்லை, ஹீத்துக்கு ஒரு சூடு வைத்தால் போதும்’ என்று நினைத்தவர்களும் அவருக்கே போட்டார்கள். 130–119. ஆனால் நீவ் இறந்தது 30.3.1979. பதினோரு வருஷத்தை என்னால் சுமக்க முடியாது.

நவம்பர் 10

இயன் கவ். 30.7.1990 அன்று ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுதக் குழுவின் கார் குண்டில் இறந்தார். இடைவெளி நாலே மாதம், ஆள் பழைய விசுவாசி, 1979–83இல் தாட்சரின் நாடாளுமன்றச் செயலாளராக இருந்து பின்வரிசைக்காரர்களின் நாடி பிடித்தவர். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று உற்சாகமாகக் கணக்குப் போட்டேன்.

அவர் இருந்தால் ஈஸ்ட்போர்ன் இடைத்தேர்தல் இல்லை, தொகுதி கைவிட்டுப் போகவில்லை. எம்.பி.க்கள் 373. 15 சதவீதம் 55.95, அதே 56. கவ்வின் ஓட்டையும் சேர்த்தால் 205–152, வித்தியாசம் 53. ஒருவர் பக்கம் மாறினால் 206–151, வித்தியாசம் 55. போதாது! ஒதுங்கியவரில் ஒருவரையும் இழுத்தால்தான் 207–151. செத்தவரை எழுப்பியும் இரண்டு பேரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

நவம்பர் 11

எரிச்சல். ஒன்றும் எழுதவில்லை.

நவம்பர் 13

ஹவ்வின் ராஜினாமா உரை. சபைக்குள் கேமரா வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, அது இல்லாவிட்டால் பாதி விஷம் இறங்கியிருக்காது. பக்கத்தில் முந்தைய வருஷம் விலகிய நிதியமைச்சர் நைஜல் லாசன். ஹவ் குரலை உயர்த்தவே இல்லை, கணக்குப்பிள்ளை வரவு செலவு வாசிப்பதுபோல. அவரிடம் அடி வாங்குவது செத்த ஆட்டிடம் கடி வாங்குவதுபோல என்று லேபர் கட்சியின் டெனிஸ் ஹீலி முன்பு கேலி செய்திருந்தார். அந்த ஆடு கிரிக்கெட் பேசியது: தொடக்க ஆட்டக்காரர்களைக் களத்துக்கு அனுப்புகிறீர்கள், முதல் பந்து வரும்போதுதான் தெரிகிறது, ஆட்டத்துக்கு முன்பே அணித்தலைவரே மட்டைகளை உடைத்து வைத்திருக்கிறார் என்று. முதலில் சிரிப்பு, பிறகு சிரிப்பு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்க்கும் முகங்கள். முன்வரிசையில் தாட்சர், உதட்டை இறுக்கிக்கொண்டு.

உரையை நீக்கினால் போட்டியே வராது. அது இருக்கட்டும். மறுநாள் ஹெசல்டைன் அறிவிக்கட்டும்.

நவம்பர் 15

பாரிஸ். வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

ஐரோப்பியப் பாதுகாப்பு மாநாடு 19 முதல் 21 வரை. ஆயுதக் குறைப்பு ஒப்பந்தக் கையெழுத்து 19ஆம் தேதியே முடிந்துவிட்டது. நிஜத்தில் தாட்சர் 20ஆம் தேதியும் பாரிஸிலேயே இருந்தார். என் கதையில் 19ஆம் தேதி ராத்திரியே லண்டன் திரும்புகிறார், மிச்சத்தை வெளியுறவு மந்திரி ஹர்டிடம் விட்டுவிட்டு. 20ஆம் தேதி காலை எம்.பி.க்களின் தேநீர் அறையில் ஒரு மணி நேரம். அவ்வளவுதான் என் மாற்றம். இரண்டு பேருக்கு ஒரு கோப்பைத் தேநீர் போதும்.

இந்த முறை தாட்சருக்கு ஓட்டுச் சேர்க்கும் வேலையில் இருந்த பீட்டர் மொரிசனை மாற்றத் தேவையில்லை. யார் தலையாட்டினாலும் அதை ஓட்டாக எண்ணிக்கொண்டவர், நீவுக்கு நேர் எதிர். அவர் எண்ணிக்கை தப்பாகவே இருக்கட்டும்.

நவம்பர் 20

என் கதையில் இன்று பாரிஸ் பிரிட்டிஷ் தூதரகப் படிக்கட்டு இல்லை. நிஜத்தில் பிபிசி நிருபர் ஜான் சார்ஜன்ட் கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து தாட்சர் இறங்கி வந்தார், அவருடைய செய்திச் செயலாளர் பெர்னார்ட் இங்கம் கூட்டத்தை விலக்கினார், இரண்டாம் சுற்றிலும் நிற்பேன் என்றார் தாட்சர். அந்தக் காட்சி போவதில் எனக்கே வருத்தம்.

206–150–16. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

நவம்பர் 21

போகவில்லை.

நிஜத்தில் இன்று மாலை மந்திரிகளை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டார், பெரும்பாலோர் நீங்கள் ஜெயிக்க முடியாது என்றார்கள், மறுநாள் காலை விலகினார். இரண்டாம் சுற்றே இல்லையென்றால் கேட்கும் அவசியமில்லை. யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. வாசல் அடைபட்டது சரி. உள்ளே இருப்பவர்கள்? 150ஐயும் 16ஐயும் கூட்டினால் 166. நூற்றுக்கு 45 பேர் வேண்டாம் என்ற பிரதமர். முந்தைய டிசம்பரில் ஆண்டனி மேயர் என்ற, பலருக்குப் பேர்கூடத் தெரியாத ஆள் நின்றபோது அவருக்கு 33, செல்லாதவை 24, வராதவர் 3, ஆக 60. ஒரே வருஷத்தில் 60 என்பது 166.

நவம்பர் 23

அடுக்கு சரிகிறது. நிஜத்தில் தாட்சருக்குப் பின் பிரதமரான மேஜர் என் கதையில் நிதியமைச்சராகவே இருக்கிறார். நிஜத்தில் மேஜரின் நிதியமைச்சரான லாமோன்ட் அவருக்குக் கீழேயே. வாடிங்டன் உள்துறையில் தொடர்கிறார், பிரபுக்கள் சபைக்குப் போகவில்லை. ஆகவே அவர் தொகுதியான ரிபிள் வேலியில் 7.3.1991 இடைத்தேர்தல் இல்லை! பாதுகாப்பான தொகுதி என்று நம்பிய அதை, தலைவரி (தாட்சர் கொண்டுவந்த, ஆளுக்கு இவ்வளவு என்ற உள்ளாட்சி வரி) மீதான கோபத்தில் இழந்ததுதான் கட்சிக்குக் கிலி கொடுத்தது. ஹெசல்டைன் சுற்றுச்சூழல் துறைக்கு வரவில்லை, எனவே தலைவரியை ஒழிக்கவும் ஆளில்லை. 1991 பட்ஜெட்டில் வாட் வரியை 15இலிருந்து 17.5 ஆக்கி, அந்தப் பணத்தில் ஆளுக்கு 140 பவுண்டு தலைவரியைக் குறைத்தார்கள். தாட்சர் அதைச் செய்வாரா? தன் கையால் நட்டதை? என் பக்கத்தில் ரசீதுகள் மீண்டும் முழுத் தொகையுடன் வீட்டுக்கு வருகின்றன.

நவம்பர் 24

7.2.1991. பனி. வைட்ஹாலில் ஐ.ஆர்.ஏ. நிறுத்திய வெள்ளை வேனிலிருந்து மூன்று மோர்ட்டார் குண்டுகள், ஒன்று பிரதமரின் 10ஆம் எண் வீட்டின் பின் தோட்டத்தில். உள்ளே வளைகுடாப் போர்க் கூட்டம். திட்டம் போட்டபோது குறி தாட்சர்தான். இப்போது அந்த நாற்காலியில் உண்மையாகவே அவர். குண்டு அதே புல்லில் விழுமா? பிரிந்து இரண்டரை மாதம் கழிந்த பிறகு வேனை அதே கோணத்தில் நிறுத்த எனக்கு உரிமை கிடையாது. நிறுத்தாமல் விடவும் மனசு வரவில்லை. இதை மட்டும் மூன்று முறை எழுதி அடித்தேன்.

நவம்பர் 26

2.95 ஜெர்மன் மார்க். 8.10.1990இல் பவுண்டை ஐரோப்பிய நாணயமாற்று ஏற்பாட்டில் பிணைத்த விலை. கையெழுத்து தாட்சருடையது. மேலும் கீழும் 6 சதவீதம், ஆகவே தரை 2.778. அதிலிருந்து அவர் வெளியே வர மாட்டார், வந்தால் அதே மேஜரை இழக்கிறார், லாசனை இழந்த அதே சண்டையில். ஐரோப்பா பிடிக்காது, பிணைப்பு மட்டும் இருக்கும். வருஷா வருஷப் போட்டி மறுபடி 1991 இலையுதிர்காலத்தில் வருகிறது. ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்துக்கான மாஸ்ட்ரிக்ட் பேச்சு டிசம்பர் 9, 10. சில வார இடைவெளி. ஹெசல்டைன் எதிர்த்து நிற்கவே வேண்டாம், நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

அதையும் தாண்டி 1992 தேர்தலுக்கு வந்தால் தலைவரியோடு வருகிறார். லேபர் தலைவர் கின்னக் ஜெயிக்கிறார் என்று வைத்தால், நிஜத்தில் பவுண்டு அந்த ஏற்பாட்டிலிருந்து வெளியே விழுந்த 16.9.1992 அன்று 2.778 உடைவது கின்னக்கின் தலையில். தாட்சர் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து அப்போதே சொன்னேன் என்பார். சொல்லவில்லை, அம்மா. நீங்கள்தான் போட்டீர்கள்.

நவம்பர் 27

நிஜத்தின் இரண்டாம் சுற்றை இன்று மறுபடி பார்த்தேன். மேஜர் 185, ஹெசல்டைன் 131, ஹர்ட் 56. வேண்டியது 187.

இங்கேயும் இரண்டு. மற்ற இருவரும் ஒதுங்கிக்கொண்டார்கள், யாரும் அந்த இரண்டைத் தேடவில்லை.

நவம்பர் 28

தேநீர் அறையில் வந்து உட்காரும் அந்த இரண்டு பேருக்கும் இன்னும் தொகுதி முடிவாகவில்லை. தலைவரிக் கோபம் அதிகமுள்ள வடக்கத்தித் தொகுதிக்காரர் என்றால் ஒரு கோப்பைக்கு மசிய மாட்டார். தெற்கத்திக்காரர் என்றால் ஏற்கெனவே 204இல் இருந்திருப்பார். ஆகவே குறைந்த பெரும்பான்மையில் ஜெயித்த